மூன்று பவர் சப்ளை எரிந்த பிறகு நான்காவதை வாங்கலாமா?

கேட்டவர் எழுதியதன் சாரம் இது. ரங்கூனில் அனவ்ரதா சாலையை ஒட்டிய ஒரு பழைய கட்டிடத்தின் நான்காம் மாடியில் திருமண அழைப்பிதழ்களும் கோயில் திருவிழா நோட்டீசுகளும் வடிவமைத்து அச்சிட்டுக் கொடுக்கிறார். ஒன்றரை ஆண்டுக்குள் அவருடைய மேசைக் கணினியில் மூன்று பவர் சப்ளைகள் (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற குறைந்த மின்னழுத்தமாக மாற்றும் பெட்டி) போய்விட்டன. முதலாவதும் மூன்றாவதும் மின்வெட்டு முடிந்து லைன் திரும்பிய நேரத்தில் வெடிச் சத்தத்தோடு போயின. இரண்டாவது சத்தமே இல்லாமல் ஒரு காலையில் கிளம்ப மறுத்தது. வீட்டுக்கு, ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் இருக்கிறது. மின்வெட்டு நேரத்தில் கட்டிடத்தின் பொது ஜெனரேட்டரிலிருந்து இணைப்பு வருகிறது. பழுது பார்த்த கடைக்காரர், பிராசசரும் மற்ற பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டுதான் பவர் சப்ளையை எரிக்கிறது, அதை மாற்றுங்கள் என்கிறார். மாற்றலாமா என்பது கேள்வி.

மதர்போர்டை இப்போது மாற்ற வேண்டாம். நான்காவது பவர் சப்ளையையும் இந்த வாரம் வாங்க வேண்டாம். லைன் திரும்பும் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் கணினிக்குப் போய்ச் சேரும் மின்னழுத்தம் எவ்வளவு என்று கண்டுபிடிக்காமல் எதை வாங்கினாலும் அது முந்திய மூன்றின் வழியில்தான் போகும். அப்படி நான் நினைப்பதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 2021-க்குப் பிறகு முறை வைத்து மின்சாரம் வரும் நம் ஊரில் இதே கதையைப் பல கடைகளிலும் வீடுகளிலும் கேட்கிறேன்.

எரிந்துபோன பவர் சப்ளைகளைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அவற்றில்தான் சாட்சியம் இருக்கிறது. ஆனால் அவற்றை நீங்களே திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும், அது உயிரை எடுக்கும் அளவு. மின்னணுப் பழுது தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, தேக்கத்தை ஒரு மின்தடையின் வழியாக வடித்துவிட்டுத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.

மின்கம்பி உள்ளே நுழையும் மூலையில் ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். அதன் உள்ளிருக்கும் இழை நடுவில் அறுந்து கண்ணாடி தெளிவாகவே இருந்தால் அது மெதுவாக வந்த மிகைச் சுமை. கண்ணாடியின் உட்புறம் முழுவதும் கறுப்பாகவோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால், இழை உருகவில்லை, ஆவியாகியிருக்கிறது. ஒரே நொடிப்பொழுதில் மிகப் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. ஃபியூஸுக்குப் பக்கத்திலேயே, ஒரு பொத்தான் அளவில், பெரும்பாலும் நீல நிறத்தில், தட்டையான வட்டமாக ஒரு பாகம் நிற்கும். அதன் பெயர் வாரிஸ்டர். லைனில் மின்னழுத்தம் எல்லை மீறும்போது அந்த மிகையைத் தன் வழியே பாய விட்டு மற்ற பாகங்களைக் காப்பது அதன் வேலை. 230 வோல்ட் நாடுகளுக்கான பவர் சப்ளைகளில் வழக்கமாக 275 அல்லது 300 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கக்கூடிய வாரிஸ்டரைப் போடுவார்கள். அது பிளந்து, சுற்றிலும் கரி படிந்திருந்தால், வெளியிலிருந்து அதற்கும் மேலான மின்னழுத்தம் உள்ளே வந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. மிக மலிவான பவர் சப்ளைகளில் அந்த இடத்தில் பலகையில் இரண்டு துளைகள் மட்டும் இருக்கும், பாகம் இருக்காது. அப்போது பெரிய கெபாசிட்டரின் தலை வெடித்திருக்கிறதா, டயோடுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இவை எல்லாம் லைன் பக்கத்துப் பாகங்கள். கணினிக்கு 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் கொடுக்கும் பக்கம் இவற்றிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரால் பிரிக்கப்பட்ட தனிப் பக்கம். மதர்போர்டில் ஷார்ட் இருந்தால், ஓரளவு தரமான பவர் சப்ளை தன்னை அணைத்துக்கொள்ளும். விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். பாதுகாப்புச் சுற்றே இல்லாத மலிவு ரகமாக இருந்தால் எரியக்கூடும், ஆனால் அது கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதோ அழுத்திய உடனேயோ நடக்கும். லைன் திரும்பிய நேரத்திலேயே இரண்டு முறையும் வெடித்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை மதர்போர்டிலிருந்து விலக்கி சுவரின் பக்கம் திருப்பியது.

இனி லைன் திரும்பும்போது என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். நம் பழைய கட்டிடங்களில் மின்சாரம் வந்த மறுகணம் எல்லா மாடிகளிலும் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்குகிறது. குளிர்பதனப் பெட்டிகளும், இன்வெர்ட்டர் பேட்டரிகளும், சார்ஜ் ஏற்ற வேண்டிய அத்தனையும் ஒரே நேரத்தில் இழுக்கின்றன. மின்சாரம் போவதற்கு முன்னும் இதே நெரிசல்தான்: எல்லோரும் கடைசி நிமிடம் வரை சோறு வடித்து, தண்ணீர் ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய லைன் 160-க்கு இறங்கியிருக்கும். உங்கள் ஸ்டெபிலைசர் அந்த 160-ஐ 220-ஆக உயர்த்திக் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இருக்கிறது. நீங்கள் விவரித்த ஸ்டெபிலைசர், உள்ளே சிறு மோட்டார் ஒன்று கரிப் புருசை ஒரு வட்டச் சுருளின் மேல் நகர்த்தி மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் ரகம். மின்சாரம் போகும்போது அந்த மோட்டாரும் நின்றுவிடுகிறது; புருசு, 160-ஐ 220 ஆக்கும் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. நான்கு மணி நேரம் கழித்து லைன் திரும்பும்போது, மோட்டார்கள் ஓடத் தொடங்குவதற்கு முந்திய கணத்தில் லைனில் 240 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் அதையும் அதே விகிதத்தில் உயர்த்துகிறது: 240-ஐ 220-ஆல் பெருக்கி 160-ஆல் வகுத்தால் 330 வோல்ட். மோட்டார் விழித்துப் புருசைக் கீழே இறக்கும் வரை, அது அரை நொடியோ ஒரு நொடியோ, அந்த 330 வோல்ட்டும் நேராக உங்கள் கணினிக்குப் போகிறது. 330 என்பது மீட்டர் காட்டும் பயனுறு மதிப்பு (RMS). அலையின் உச்சியில் அது ஏறத்தாழ 467 வோல்ட். பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர் 400, 420, அதிகம் போனால் 450 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. 275 வோல்ட் வாரிஸ்டர் அதற்கு முன்பே பாயத் தொடங்கி, சூடேறிப் பிளந்து, ஃபியூஸையும் தன்னோடு கொண்டுபோகும். நீங்கள் கேட்ட வெடிச் சத்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காப்பாற்றுவதற்காக வாங்கி வைத்த பெட்டியே இதைச் செய்கிறது என்பதை ஏற்பது கடினம் என்று அறிவேன். நல்ல ஸ்டெபிலைசர்களில் இதற்கு மருந்து உண்டு: வெளியீடு எல்லையைத் தாண்டினால் துண்டிக்கும் ரிலே என்ற தானியங்கி ஸ்விட்சும், லைன் வந்த பின் சில விநாடிகளோ நிமிடங்களோ காத்திருந்து இணைக்கும் தாமதமும் இருக்கும். உங்களுடையதில் தாமத ஸ்விட்ச் இருந்து, யாராவது காத்திருக்கப் பொறுமை இல்லாமல் அதைக் குறுகிய நேரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பழைய பெட்டிகளில் அந்த ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு துண்டிக்காமலே இருப்பதும் உண்டு.

இதை ஊகமாக விடாமல் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கணினியைக் கழற்றிவிட்டு, ஸ்டெபிலைசரின் வெளியீட்டில் ஒரு பழைய இழை பல்பை மாட்டி வையுங்கள். எல்.இ.டி. பல்பு வேண்டாம், அது மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம்தான் தரும். லைன் திரும்பும்போது அந்தப் பல்பைப் பாருங்கள். மஞ்சளாக எரிய வேண்டியது கண்ணைக் கூசும் வெண்மையாக ஒரு கணம் பளிச்சிட்டுப் பிறகு தணிந்தால், கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உயர்ந்த அளவையும் குறைந்த அளவையும் நினைவில் வைக்கும் வசதியுள்ள மல்டிமீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை 600 வோல்ட் மாறுமின் அளவில் வைத்து ஒரு வாரம் குறித்து வாருங்கள். எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள். மின்சாரம் போன நேரம், வந்த நேரம், ஜெனரேட்டருக்கு மாறிய நேரம் ஆகியவற்றின் பக்கத்தில் வோல்ட் எண்ணை வைத்துப் பார்த்தால்தான் உருவம் தெரியும்.

அந்த ஒரு வாரத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டெபிலைசருக்கு முன்னால், லைனிலேயே, ஓர் அறையில் விளக்கு திடீரென்று பிரகாசமாகவும் அதே நேரத்தில் பக்கத்து வீட்டிலோ வேறு அறையிலோ மங்கலாகவும் ஆகிறதென்றால், கட்டிடத்தின் நியூட்ரல் இணைப்பு, அதாவது மின்னோட்டம் திரும்பிச் செல்லும் கம்பி, எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். மூன்று ஃபேஸ் வரும் கட்டிடத்தில் நியூட்ரல் அறுந்தால், சுமை குறைவாக உள்ள வீட்டில் மின்னழுத்தம் 400 வரைகூட ஏறலாம். மாடிப்படியின் அடியில் வரிசையாக இருக்கும் மீட்டர் பலகைகளில், மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பச்சை பூத்த செம்பு முனைகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட அறிகுறி தெரிந்தால் அன்றே பிரதான ஸ்விட்சை அணைத்துவிட்டு, உரிமம் உள்ள மின்பணியாளரை அழையுங்கள். அது கணினியின் பிரச்சினை அல்ல, கட்டிடமே தீப்பிடிக்கக்கூடிய பிரச்சினை.

இரண்டாவது பவர் சப்ளை சத்தமில்லாமல் போனதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். குறை மின்னழுத்தம் வெடிக்க வைப்பதில்லை, தேய வைக்கிறது. கணினிக்குத் தேவையான வாட் மாறாது. ஆகையால் மின்னழுத்தம் குறைந்தால் அது அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. சுவரிலிருந்து 300 வாட் எடுக்கும் கணினி 230 வோல்ட்டில் சுமார் 1.3 ஆம்பியர் இழுத்தால், 150 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும்; கம்பியிலும் சுவிட்சிங் டிரான்சிஸ்டரிலும் மின்தடையால் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், இரு மடங்குக்கும் மேல் ஆகிறது. இதோடு ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டான திஞ்சான் காலத்து வெயிலையும், தூசி அடைத்த விசிறியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்பகுளி கெபாசிட்டர்களின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. கணினி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் 5 வோல்ட் காத்திருப்புச் சுற்றின் சிறு கெபாசிட்டர்தான் பல நேரங்களில் முதலில் போகிறது. அது போனால் பொத்தானை அழுத்தினாலும் கணினி அசையாது. அந்த இரண்டாவது பெட்டியைத் திறக்கும்போது தலை உப்பிய அல்லது அடியில் பழுப்புத் திரவம் கசிந்த கெபாசிட்டர்களைத் தேடச் சொல்லுங்கள். அப்படியிருந்தால் கெபாசிட்டரை மட்டும் மாற்றி அதை மாற்று உபகரணமாக வைத்துக்கொள்ளவும் முடியும்.

மின்சாரம் வந்து உடனே போய் மறுபடி வரும் துடிப்பும் கெடுதல்தான். வெறுமையான கெபாசிட்டர் நிரம்பும்போது பாயும் முதல் மின்னோட்டத்தைத் தடுக்க, உள்ளே குளிர்ந்த நிலையில் 5 அல்லது 10 ஓம் தடையுள்ள ஒரு தெர்மிஸ்டர் இருக்கிறது. ஓடிச் சூடான பிறகு அதன் தடை 1 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். அது ஆற ஒரு நிமிடமாவது வேண்டும். ஆறுவதற்குள் மின்சாரம் திரும்பினால் தடுப்பார் இல்லாமல் மின்னோட்டம் பாய்ந்து டயோடுகளைத் தாக்குகிறது. ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் மாற்றும் கைப்பிடியைத் திருப்பும்போது கணினி ஓடிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். ஜெனரேட்டரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை: எரிபொருள் தீரும் நேரத்தில் எஞ்சின் தடுமாறி ஏறி இறங்கும், அப்போது மின்னழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். பொது ஜெனரேட்டரை நிறுத்தப் போகும்போது முன்கூட்டியே குரல் கொடுக்கச் சொல்லிக் காவலாளியிடம் கேட்டுக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

சரி, செய்ய வேண்டியது என்ன? என்னைக் கேட்டால் முதல் பணத்தை மிகை, குறை மின்னழுத்தத் துண்டிப்புக் கருவிக்குச் செலவிடுவேன். ஃபியூஸ் பெட்டிக்குள் இருக்கும் உலோகச் சட்டத்தில் (DIN rail) மாட்டும் அளவுக்குச் சிறியது. முகப்பில் வோல்ட் எண் தெரியும். மேல் எல்லையும் கீழ் எல்லையும் மறு இணைப்புத் தாமதமும் நாமே வைத்துக்கொள்ளலாம். மேல் எல்லையை 255-க்கும், கீழ் எல்லையை 180-க்கும், தாமதத்தை மூன்று நிமிடத்துக்கும் வையுங்கள். அதை ஸ்டெபிலைசருக்கு முன்னால் வைத்தால் பயனில்லை. ஸ்டெபிலைசருக்கும் கணினிக்கும் நடுவில் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் ஆபத்து பிறப்பதே ஸ்டெபிலைசரில்தான். மூன்று நிமிடத்தில் புருசு தன் இடத்துக்கு வந்திருக்கும், மாடி மோட்டார்களின் முதல் இழுப்பும் அடங்கியிருக்கும், தெர்மிஸ்டரும் ஆறியிருக்கும். கருவி வரும் வரை, மின்சாரம் போன உடனே கணினியின் பிளக்கைக் கையால் கழற்றிவிடுங்கள். கணினிப் பெட்டியின் முன் பொத்தானை அணைப்பது போதாது. காத்திருப்புச் சுற்று லைனோடு இணைந்தே இருக்கிறது.

அடுத்தது யு.பி.எஸ். வேலை பாதியில் அழியாமல் இருக்க அது வேண்டும். ஆனால் மிக மலிவான யு.பி.எஸ்ஸும், பல வீட்டு இன்வெர்ட்டர்களும் பேட்டரியில் ஓடும்போது வளைந்த அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு போன்ற சதுர அலையைக் கொடுக்கின்றன. மின்திறன் காரணித் திருத்தம் (லைனிலிருந்து மின்னோட்டத்தைச் சீராக இழுக்கும் சுற்று, PFC) உள்ள நவீன பவர் சப்ளைகளில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும், அல்லது உறுமலோடு சூடேறும். சுத்த சைன் அலை தரும் லைன் இன்டராக்டிவ் ரகம் போதுமானது; பணம் ஒத்துவந்தால், எப்போதும் தன் இன்வெர்ட்டர் வழியாகவே கொடுக்கும் ஆன்லைன் ரகம் நம் ஊர் லைனுக்கு மிகப் பொருத்தமானது. யு.பி.எஸ்ஸைத் துண்டிப்புக் கருவிக்குப் பிறகு வையுங்கள்.

உங்கள் லேசர் அச்சு இயந்திரத்தைக் கட்டாயம் யு.பி.எஸ்ஸில் மாட்டாதீர்கள். அதன் உள்ளே மையை உருக்கும் உருளை, சூடேறும் ஒவ்வொரு முறையும் பல நூறு வாட்டை ஒரேயடியாக இழுத்து விடும். அதே ஸ்டெபிலைசரில் கணினியும் இருந்தால், நீங்கள் அழைப்பிதழ் அச்சடிக்கும் நேரம் முழுவதும் புருசு மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும். இயந்திரத்துக்குத் தனி இணைப்பு கொடுங்கள்.

எர்த் விஷயம் தனியாகச் சொல்லத் தக்கது. கணினிப் பெட்டியைத் தொட்டால் விர்ரென்று இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் சொருகியிருப்பீர்கள். எர்த் இல்லாதபோது, இரைச்சலை வடிகட்டும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகப் பெட்டியின் மேல் லைன் மின்னழுத்தத்தில் பாதியளவு தோன்றும். மின்னோட்டம் சிறியது என்பதால் கூச்சத்தோடு நிற்கிறது. பவர் சப்ளை எரிவதற்கு இது காரணம் அல்ல. ஆனால் உள்ளே ஒரு கம்பி உரசிப் பெட்டியைத் தொட்டால் ஃபியூஸ் போக வழி இருக்காது, தொடும் கைதான் வழியாகும். எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுதான் என்று யாராவது இரண்டையும் சாக்கெட்டில் சேர்த்துக் கட்ட முன்வந்தால் அனுமதிக்காதீர்கள். முறையான எர்த் கம்பி தரையிலிருந்து மேலே வர வேண்டும். கட்டிடத்தில் உள்ளவர்கள் சேர்ந்து செலவழித்தால் தாங்கக்கூடியதுதான்.

இவ்வளவும் ஆன பிறகு பவர் சப்ளை வாங்கலாம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருக்கும் 500 வாட்டை நம்பாமல், ஒட்டுத்தாளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட். இன்றைய கணினி அநேகமாக முழுவதும் 12 வோல்ட்டிலிருந்தே எடுப்பதால் அதுதான் கிட்டத்தட்ட உண்மையான திறன். உள்ளீடு 100 முதல் 240 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 115, 230 என்று மாற்றும் சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய ரகத்தைத் தவிருங்கள். கையில் எடுத்துப் பாருங்கள்: வடிகட்டிச் சுருளும் வெப்பத்தகடும் உள்ளே இருந்தால் எடை இருக்கும்.

கடைக்காரர் சொன்னதையும் ஒருமுறை சோதித்துவிடுவது நியாயம். புதிய பவர் சப்ளையை மாட்டுவதற்கு முன், மதர்போர்டில் பிராசசருக்கு 12 வோல்ட் நுழையும் முனைக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டினால் ஷார்ட் இருக்கிறது. பிராசசருக்கு அருகிலுள்ள சுருள்களில் அளந்துவிட்டு ஷார்ட் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அங்கே மின்தடை இயல்பாகவே மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் அட்டையைக் கழற்றி அதைத் தனியாகவும் அளக்கச் சொல்லுங்கள். ஷார்ட் அதிலும் இருக்கலாம். முன்பக்க யு.எஸ்.பி. துளைகளுக்குள் வளைந்த தகடு ஏதும் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு கணினியை வேலையில் வைத்து, 12 வோல்ட் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் நிற்கிறதா என்று அளந்து, அந்த எண்களைத் தேதியோடு பெட்டியின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் மறுபடி அளந்து அதோடு ஒப்பிடுங்கள். அப்போதும் வெடித்தால், எரிந்த பெட்டியைக் கடையில் விட்டுவிடாமல், ஒரு வாரம் எழுதி வைத்த வோல்ட் குறிப்போடு சேர்த்து எடுத்து வையுங்கள். அதை வைத்து மேலே பார்க்கலாம்.